வரி அப்பீல் விசாரணை: கதவைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா?

நொய்யல்_நாகு (திருப்பூர்):

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சட்டம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். பனியன் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது வீட்டில் இருந்த பணத்தை பேங்கில் கட்டினேன். அதில் ஒரு பங்கு யூனிட் பணம். பெரும்பங்கு அந்த ஆவணியில் நடந்த மகள் கல்யாணத்தின் மொய். மீதி, அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கியது. அதிகாரி எதையும் ஏற்கவில்லை. மொத்தத்தையும் கணக்கில் வராத பணம் என்று சேர்த்து, சர்சார்ஜ் எல்லாம் கூட்டி 77.25 சதவீதம் வரி போட்டார். முதல் படியான கமிஷனர் அப்பீல் ஃபேஸ்லெஸ்ஸில், அதாவது ஆளை நேரில் பார்க்காமல் கம்ப்யூட்டர் வழியாகவே போனது. அதுவும் தள்ளுபடி. இப்போது சென்னை டிரிப்யூனலில் (வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) நிற்கிறது.

பிரச்சினை என்னவென்றால், மொய் நோட்டை பேப்பர் புக்கில், அதாவது டிரிப்யூனலுக்குக் கொடுக்கும் ஆவணக் கட்டில் சேர்க்க வேண்டும் என்கிறார் ஆடிட்டர். யார் 501 எழுதினார், யார் பத்தாயிரம் எழுதினார், யார் பெயரே இல்லை, எல்லாம் அதில் இருக்கிறது. நகை அடகு விஷயம் என் தம்பிக்கே தெரியாது. ஒரு பீஸுக்கு எந்தக் கம்பெனி என்ன கூலி தருகிறது என்பதும் யூனிட் கணக்கில் இருக்கிறது. டிரிப்யூனல் விசாரணைக்கு யாரும் வந்து உட்காரலாம் என்று ஆடிட்டர் சாதாரணமாகச் சொல்கிறார். ரிட்டர்னை ரகசியம் என்று சொல்லும் அரசாங்கம், அப்பீல் என்று போனதும் ஏன் ஊரைக் கூட்டுகிறது? மூடிய அறையில் நடத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆடிட்டர்_கோவை:

நாகு அண்ணா, முதலில் உங்கள் பயத்தில் பாதியைக் குறைக்கிறேன். சென்னை பெஞ்ச் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இருக்கிறது. ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்றால், அன்றைய காஸ் லிஸ்டில் தங்கள் நம்பருக்குக் காத்திருக்கும் ஆடிட்டர்கள், வக்கீல்கள், துறைக்காக வாதாடும் டி.ஆர்., அவருடைய ஃபைல்களைத் தூக்கி வந்தவர். உங்கள் கேஸ் நடக்கும்போது அடுத்த நம்பர்காரர் தன் பேப்பர் புக்கில் பக்கம் தேடிக்கொண்டிருப்பார். வேடிக்கை பார்க்க வந்த ஆள் என்று ஒருவரை நான் பார்த்ததில்லை. அப்பீல் போட்டவரே பெரும்பாலும் வருவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? டிரிப்யூனலின் 1963-ஆம் ஆண்டு விதிகளில் 33-ஆவது விதி. விசாரணை பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், ஆனால் குறிப்பிட்ட ஒரு கேஸில் வேண்டாம் என்று பெஞ்ச் முடிவெடுக்கலாம். அந்த இரண்டாம் பாதியை யாரும் கேட்டு வாங்கியதை என் தொழிலில் நான் கண்டதில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், ஒரு படி கீழே இருக்கும் கமிஷனர் அப்பீலில் எல்லாமே மூடியிருக்கிறது. விசாரணையும் மூடியது, ஆர்டரும் வெளியே வராது. அடுத்த படியான டிரிப்யூனலில் எல்லாமே திறந்தது. ஆர்டர் போட்டதும் வெப்சைட்டில் ஏறிவிடும். அங்கிருந்து தீர்ப்புத் தளங்களுக்குப் போகும், தேடினால் கிடைக்கும். உங்களைத் தொந்தரவு செய்யப்போவது அந்த ஆர்டர்தான், ஹால் இல்லை.

மீனாட்சி_திண்டுக்கல்:

ஆடிட்டர் சார், "தேடினால் கிடைக்கும்" என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அது எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். எனக்கும் டிரிப்யூனலில் கேஸ் இருந்தது. ஜெயித்தேன். ஜெயித்த ஆர்டர்தான் இன்றைக்கும் என் பெயரைப் போட்டால் முதலில் வருகிறது. அதில் அதிகாரி என்ன குற்றம் சாட்டினார் என்பது ஐந்து பக்கம், நான் சொன்ன பதில் மூன்று பக்கம், கடைசியில் "அப்பீல் அனுமதிக்கப்படுகிறது" என்று ஒரு வரி. தங்கைக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டில் அதைப் படித்திருக்கிறார்கள். கடைசிப் பக்கம் வரை போகவில்லை. "கணக்கில் வராத பணம்னு போட்டிருக்கே" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள்.

கணவர் பிரிந்து போனது, அவர் அனுப்பிய பணம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்த ஆர்டரில் இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் குடும்பக் கதையைச் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது? கோடிக்கணக்கில் புரட்டும் கம்பெனி கேஸில் இப்படிச் சொந்தக் கதை வராது. எங்களைப் போன்றவர்கள் கேஸில்தான் வரும். அதனால் திறந்த கோர்ட் என்பது ஏழைக்கு ஒரு மாதிரி, பெரிய ஆளுக்கு ஒரு மாதிரிதான் சுடும். நான் மூடச் சொல்லும் கட்சி.

பழைய_ஐடிஓ:

நான் இந்தத் துறையில் பணி செய்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1922-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 54-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. வரி கட்டுபவர் கொடுத்த ரிட்டர்ன், கணக்கு, வாக்குமூலம் எதையும் அதிகாரி வெளியே விடக்கூடாது. கோர்ட்டே கேட்டாலும் கொடுக்க முடியாது. 1961 சட்டத்தில் அது 137-ஆவது பிரிவாக வந்தது. 1964-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆடிட்டர் சொன்ன 33-ஆவது விதியை எடுத்துப் படித்தால், "54, 137 பிரிவுகள் பொருந்தும் கேஸ்கள் தவிர" என்று இன்னமும் நிற்கும். இல்லாத பிரிவுக்கு விலக்கு கொடுத்துக்கொண்டு அந்த விதி அறுபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறது!

ஏன் ரகசியம் வைத்தார்கள்? வரி கட்டுபவரிடமிருந்து உண்மை வர வேண்டும் என்றுதான். கந்துவட்டி வருமானமாக இருந்தாலும் சொல், வரியைக் கட்டு, நான் போலீஸுக்குச் சொல்லமாட்டேன் என்கிற ஏற்பாடு. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஆட்கள் சொன்ன சில விஷயங்களை அவர்கள் மனைவிமாரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். கதவு திறந்திருந்தால் அதில் பாதி வந்திருக்காது. ஆகவே முதல் படி மூடியிருப்பது சரி. டிரிப்யூனல் நீதிமன்றம் போன்றது. நிதி அமைச்சகத்தின் கீழும் அது இல்லை, சட்ட அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அது திறந்திருப்பதும் சரி. இப்போது இருப்பதே எனக்குப் போதும்.

சட்டச்சுவடி (வழக்கறிஞர், மதுரை):

ஐயா சொன்ன வரலாறு சரி. அவர் எடுத்த முடிவு எனக்கு ஒப்பவில்லை. முதல் படி மூடியிருப்பதால் நன்மை யாருக்கு என்று பாருங்கள்.

நாகு கேஸ் மாதிரி பணமதிப்பு நீக்க டெபாசிட் கேஸ்கள் நாடு முழுக்க ஏராளம். மொய்ப் பணம் என்ற பதிலை எத்தனை கமிஷனர்கள் ஏற்றார்கள், எத்தனை பேர் தள்ளினார்கள்? நமக்குத் தெரியாது. துறைக்குத் தெரியும். ஒவ்வொரு ஆர்டரும் அவர்கள் சிஸ்டத்தில் இருக்கிறது. ஒரு தரப்பு எல்லாத் தீர்ப்பையும் படித்துவிட்டு வருகிறது, இன்னொரு தரப்பு தன்னுடைய ஒரே ஒரு ஆர்டரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. என்னிடம் இரண்டு கட்சிக்காரர்கள் வந்தார்கள். அண்ணன் தம்பி, ஒரே நிலத்தை விற்ற பணம், ஒரே மாதிரி டெபாசிட். ஃபேஸ்லெஸ் முறையில் இருவரும் வேறு வேறு கமிஷனரிடம் போய், அண்ணனுக்கு அனுமதி, தம்பிக்குத் தள்ளுபடி. அண்ணன் தம்பியாக இருந்ததால்தான் எங்களுக்கே தெரிந்தது. இல்லையென்றால் யாருக்குத் தெரியும்?

மீனாட்சி மேடம், உங்கள் கஷ்டம் புரிகிறது. இதையும் பாருங்கள். 2021 ஜூனில் டிரிப்யூனலின் ஆக்ரா பெஞ்ச் ஒரு இல்லத்தரசியின் கேஸில் தீர்ப்புச் சொன்னது. இரண்டு லட்சத்துச் சொச்சம் டெபாசிட். பெண்கள் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்துக்குக் கணக்குக் கேட்க முடியாது, இரண்டரை லட்சம் வரை இல்லத்தரசிகள் கேஸ்களுக்கு இதையே முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்று பெஞ்சே எழுதியது. எனக்கு வந்த இதுபோன்ற கேஸ்களில் அதைக் காட்டித்தான் வாதாடினேன். அந்த விசாரணை மூடிய அறையில் நடந்து, ஆர்டரும் வெளிவராமல் போயிருந்தால் அது அந்த ஒரு அம்மாவோடு முடிந்திருக்கும்.

நாகு அவர்களுக்கும் ஒன்று. உங்கள் 77.25-க்கு அடிப்படையான அந்த 60 சதவீத விகிதம் 2017 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்குத்தான் பொருந்தும் என்று ஹை கோர்ட்டின் எங்கள் மதுரைக் கிளை 2024 நவம்பரில் சொல்லியிருக்கிறது. உங்கள் டெபாசிட் 2016 நவம்பர். ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மீனாட்சி_திண்டுக்கல்:

அந்த ஆக்ரா அம்மாவின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் வக்கீல் சார்? தீர்ப்பு ஊருக்குப் பயன்பட்டது, சரி. அவர் பெயர் யாருக்குப் பயன்பட்டது?

பைட்_பாண்டி:

மீனாட்சி அக்கா கேட்டதுதான் கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறோம், பிரிக்கலாமே.

சிங்கப்பூரில் வருமான வரி வழக்குத் தீர்ப்புகளைப் பார்த்தால் வரி கட்டுபவர் பெயர் இருக்காது. மூன்று ஆங்கில எழுத்துதான். தீர்ப்பு முழுசாக இருக்கும், சட்ட வாதம் இருக்கும், ஆள் யாரென்று தெரியாது. ஹாங்காங்கில் மறுஆய்வு வாரியம் மூடிய அறையில் விசாரிக்கும், முடிவை ஒரு எண் போட்டு வெளியிடும். ஆஸ்திரேலியாவில் தீர்ப்பாயத்துக்குப் போகும் வரி கட்டுபவர் தனியாக விசாரியுங்கள் என்று கேட்டால் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும், சட்டத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியில் வரி கோர்ட்டில் வரி கட்டுபவர் கேட்டால் பொதுமக்களை வெளியே அனுப்பியாக வேண்டும், நீதிபதிகூட மறுக்க முடியாது. அதே உரிமை வரி அலுவலகத்துக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் வருமான வரி ரிட்டர்ன் தனிப்பட்ட தகவல், ஆர்.டி.ஐ.யில் கேட்டால் சாதாரணமாகத் தரவேண்டியதில்லை என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதே ரிட்டர்னில் இருக்கும் எண்கள் டிரிப்யூனல் ஆர்டரின் இரண்டாம் பாராவில் பளிச்சென்று இருக்கும். 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகும் இந்தப் பாரா மாறவில்லை.

தறிக்காரன்:

எல்லாம் சரி, பெரிய மீன்கள்தான் முதலில் இந்த வலைக்கு வெளியே நழுவும். பெயரை மறைக்கலாம் என்று சட்டம் வந்தால் நாகு அண்ணாச்சி மனு போடுவாரா, சினிமாக்காரர் மனு போடுவாரா? சச்சின் டெண்டுல்கர் கேஸ் ஞாபகம் இருக்கா? விளம்பரத்தில் வந்த வருமானத்துக்கு "நான் நடிகன்" என்று சொல்லிக் கலைஞர்களுக்கான வரிக் கழிவு கேட்டார். மும்பை பெஞ்ச் 2011-ல் ஏற்றுக்கொண்டது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டா இல்லையா? "மூன்றெழுத்து எதிர் வருமான வரித் துறை" என்று வந்திருந்தால் கிரிக்கெட்காரர் நடிகரான கதையே நமக்குத் தெரியாது.

நார்வேயில் எல்லார் வருமானமும் வரியும் பட்டியலாகவே வருது. அந்த ஊர் இடிந்து விழுந்துவிடவில்லை.

பைட்_பாண்டி:

நார்வேயில் நீங்கள் யாருடைய கணக்கைப் பார்த்தீர்களோ அவருக்கு "இன்னார் பார்த்தார்" என்று காட்டிவிடுவார்கள் தறிக்காரரே. 2014-லிருந்து அப்படித்தான். அது வந்ததும் தேடுபவர்கள் எண்ணிக்கை சரிந்தது. நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் தேடியது மீனாட்சி அக்காவுக்குத் தெரியவா போகிறது?

லண்டன்_வாசி:

இங்கே கணக்குத் துறையில் வேலை செய்கிறேன். பிரிட்டன் கதை நாகு அண்ணன் கேள்விக்கு நேராகவே பொருந்தும், ஏனென்றால் இவர்கள் மூடி வைத்திருந்துவிட்டுத் திறந்தவர்கள்.

வரி அப்பீலைச் சிறப்பு ஆணையர்கள், பொது ஆணையர்கள் என்று இரண்டு வகையினர் விசாரித்தார்கள். நெடுங்காலம் கதவு மூடித்தான். சிறப்பு ஆணையர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதுகூட வெளியே வராது, மேலே ஹை கோர்ட்டுக்குப் போனால்தான் தெரியும். வக்கீல் சார் மேலே சொன்ன அதே குறைதான் இங்கேயும் இருந்தது. வரித் துறை தோற்ற கேஸ் துறைக்குத் தெரியும், மற்ற வரி கட்டுபவர்களுக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில் சிறப்பு ஆணையர்களின் முடிவுகளை வெளியிட ஆரம்பித்தார்கள். 2009 ஏப்ரலில் பழைய அமைப்பையே கலைத்துப் புதுத் தீர்ப்பாயம் கொண்டுவந்தபோது விசாரணை பொதுவில் என்பதே விதியானது, தனி விசாரணை விலக்கு.

அந்த விலக்கைக் கேட்டவர்களில் பிரபலமானவர் பி.பி.சி. ரேடியோ தொகுப்பாளர் கிறிஸ் மொய்ல்ஸ். (மொய் பற்றிய இழையில் மொய்ல்ஸ், நான் என்ன செய்வது.) 2012-ல் தனியாக விசாரியுங்கள், பெயரையும் மறையுங்கள் என்று மனு போட்டார். பத்திரிகைகள் பிய்த்துவிடும் என்றார். பிரபலமாக இருப்பதால் ஒருவருக்கு மற்றவர்களைவிட அதிக மறைப்பு கிடையாது என்று நீதிபதி மறுத்தார். அந்த உத்தரவில் மட்டும் அவர் "திரு. ஏ". 2014-ல் முழுத் தீர்ப்பு வந்தபோது பெயரோடு வந்தது. அவர் ரிட்டர்னில் பழைய கார் வாங்கி விற்கும் வியாபாரி என்று போட்டு நஷ்டம் காட்டியிருந்தார். வரி குறைக்க யாரோ விற்ற திட்டம் அது. அவர் பயந்தபடியே பத்திரிகைகள் பிய்த்தன. அதே திட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இன்னொரு கேஸ் எனக்கு உறுத்தும். தோல் மருத்துவப் பயிற்சியில் இருந்த ஒரு டாக்டர், பயிற்சி வகுப்புக்குச் செலவழித்ததைக் கழிக்க வேண்டும் என்று கேட்டு ஜெயித்தார். பெயரை மறையுங்கள் என்றும் கேட்டார். வரி விவகாரத்தில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க அவருக்கு உரிமை உண்டு, ஆனால் திறந்த நீதி அதைவிடக் கனமானது என்று 2009-ல் மறுத்துவிட்டார்கள். மொய்ல்ஸுக்கு மறுத்தது சரி. அந்த டாக்டர் பெயரால் யாருக்கு என்ன லாபம் என்று இன்றும் எனக்குப் பதில் இல்லை.

பழைய_ஐடிஓ:

சினிமா, கிரிக்கெட் என்று போனதால் சொல்கிறேன். நடிகர் விஜய் காருக்கு நுழைவு வரி கேஸ் போட்டாரே. அது அப்பீல் இல்லை, ரிட் மனு, ஹை கோர்ட்டில். வரி விலக்குக் கேட்டது ஒரு சட்டக் கேள்வி. 2021 ஜூலையில் தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்ததோடு, நிழல் நாயகன், நிஜ நாயகன் என்றெல்லாம் எழுதி ஒரு லட்சம் அபராதமும் போட்டார். 2022 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் அந்த வரிகளை நீக்கினார்கள். நீக்கியது எத்தனை பேருக்குத் தெரியும்? திறந்த கோர்ட்டில் நீதிபதிக்கும் ஒரு மேடை கிடைத்துவிடுகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். மூடிய அறையில் அந்த வசனம் வந்திருக்காது.

சட்டச்சுவடி (வழக்கறிஞர், மதுரை):

ஐயா, மூடிய அறையில் அதைவிட மோசமான வசனம் வரும், எழுத்தில் இருக்காது, அவ்வளவுதான். திறந்திருந்ததால்தான் அதை நீக்கச் சொல்லி மேலே போக முடிந்தது.

1966-ல் பம்பாய் வழக்கு ஒன்று. ஒரு பத்திரிகை ஆசிரியர் மேல் அவதூறு வழக்கு. அதில் சாட்சி சொல்ல வந்த வியாபாரி ஒருவர், என் சாட்சியத்தைப் பத்திரிகையில் போட்டதால் வியாபாரம் படுத்துவிட்டது, இனிமேல் போட வேண்டாமென்று சொல்லுங்கள் என்றார். நீதிபதி வாய்மொழியாகவே உத்தரவிட்டார். நிருபர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். ஒன்பது நீதிபதிகள். விசாரணை திறந்துதான் நடக்க வேண்டும், ஆனால் நீதிக்குத் தேவைப்பட்டால் மூடும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்றது பெரும்பான்மை. ஹிதாயதுல்லா ஒருவர் மட்டும் மாறுபட்டார். வியாபாரம் கெடும் என்பதை ஒரு காரணமாகக் கோர்ட் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். நாகு அவர்களின் பீஸ் ரேட் கவலை கேலிக்குரியது அல்ல.

நொய்யல்_நாகு:

ரேட் விஷயம் கேலி இல்லைங்க. ஒரு பீஸுக்கு பத்துப் பைசா வித்தியாசத்தில் ஆர்டர் கை மாறும் ஊர் இது. ஒரு கம்பெனி மற்றதைவிடக் குறைத்துக் கொடுக்கிறது என்று வெளியே தெரிந்தால் இரண்டு பேரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

இன்னொன்று. நான் மூடச் சொல்லித்தான் வந்தேன். அந்த அண்ணன் தம்பி கதையைப் படித்ததும், என் கமிஷனர் ஆர்டரை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். மொய் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்று ஒரே வரி. ஏன் என்று இல்லை. வட இந்தியாவில் எங்கேயோ உட்கார்ந்திருப்பவருக்கு மொய் நோட்டு என்றால் என்னவென்று தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். இதுவரை யாருமே இந்தப் பதிலோடு அங்கே போனதில்லையா? போயிருந்தால் அந்த ஆர்டர் எங்கே?

ஆடிட்டர்_கோவை:

போயிருப்பார்கள் அண்ணா. ஆர்டர் அவரவர் இமெயிலில் இருக்கும்.

இப்போது வேலைக்கு ஆகும் விஷயத்தைச் சொல்கிறேன். 33-ஆவது விதியில் மனு போடலாம், தடை இல்லை. கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். அதைவிடப் பேப்பர் புக்கை எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் பாதி காரியம்.

மொய் நோட்டை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வைக்காதீர்கள். தொகுப்புப் பட்டியல் போடுங்கள்: வரிசை எண், ஊர், தொகை. பெயர் வேண்டாம். பெரிய தொகை எழுதிய சிலரிடம் உறுதிக் கடிதம் வாங்கினால் அவர்கள் பெயர் மட்டும் வரும், அவர்களுக்கும் தெரிந்துதான் வரும். ஒரிஜினல் நோட்டை விசாரணையில் காட்டுகிறோம் என்று எழுதுவோம். பெஞ்ச் கேட்டால் கையில் கொடுப்போம், டி.ஆர். பார்க்கட்டும். நோட்டில் பந்தல்காரர் கணக்கு, சமையல்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸ் என்று ஏதாவது கிறுக்கியிருந்தால் கிழித்துவிடாதீர்கள். பிறகு உட்கார்ந்து எழுதிய நோட்டு இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பீஸ் ரேட் உங்கள் கேஸுக்குத் தேவையே இல்லை. யூனிட்டின் கேஷ் புக்கும் மாதாந்திர மொத்தமும் போதும். கம்பெனிகள் பெயரை "அ", "ஆ" என்று குறிப்போம். அக்கவுண்ட் நம்பர், ஆதார் எல்லாம் கடைசி நான்கு எண் தவிர மறைத்துவிடுவோம். நாம் பேப்பர் புக்கில் எழுதியதைத்தான் பெஞ்ச் ஆர்டரில் எடுத்து எழுதும். நாம் எழுதாத பெயர் ஆர்டரில் வராது.

மொய் பற்றி ஒரு சட்ட எச்சரிக்கை. கல்யாணப் பரிசுக்கு வரி விலக்கு, கல்யாணம் செய்துகொள்பவருக்குத்தான். பெண்ணின் அப்பாவுக்கு வந்த மொய்க்கு அந்த விலக்கு நேராகப் பொருந்தாது. நெருங்கிய உறவினர் கொடுத்தது தனி, அதற்கு விலக்கு உண்டு, ஆனால் சட்டத்தின் உறவினர் பட்டியலில் சித்தப்பா மகன் கிடையாது. நம் மொய் நோட்டில் முக்கால்வாசி அப்படிப்பட்ட உறவுதான். அந்தப் பட்டியலை எந்த ஊர்க் கல்யாணத்தைப் பார்த்து எழுதினார்களோ! ஆகவே "பணம் எங்கிருந்து வந்தது" என்பது மட்டும்தான் இந்தக் கேஸ் என்று பிடித்துக்கொள்வோம், வாதத்தை அதைத் தாண்டி விரிக்க வேண்டாம்.

பழைய_ஐடிஓ:

ஆடிட்டர் சொல்வது அனுபவம். ஆனால் பெயரை மறைத்த பட்டியலை டி.ஆர். ஆட்சேபிப்பார், அதற்குத் தயாராக இருங்கள். நானாக இருந்தால் ஆட்சேபித்திருப்பேன்.

சட்டச்சுவடி (வழக்கறிஞர், மதுரை):

ஆட்சேபிக்கட்டும். ஒரிஜினல் ஹாலில் இருக்கிறதே.

ஐயாவிடம் எனக்கு ஒரு நேரான கேள்வி. முதல் படி விசாரணை மூடியே இருக்கட்டும், உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர் மனம் விட்டுப் பேசட்டும். ஆனால் கமிஷனர் அப்பீல் ஆர்டர்களைப் பெயர், பான், முகவரி எல்லாம் நீக்கி வெளியிடுவதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம்? இப்போது மேஜையே இல்லை. 2020 செப்டம்பரில் ஃபேஸ்லெஸ் வந்தபோது நேரில் பேசும் வாய்ப்பே அதிகாரி மனசு வைத்தால்தான் என்று இருந்தது. கோர்ட்டுக்குப் போன பிறகு 2021 டிசம்பர் திட்டத்தில்தான் கேட்டால் வீடியோவில் கொடுத்தாக வேண்டும் என்று மாற்றினார்கள். ஆர்டரே கம்ப்யூட்டரில்தான் உருவாகிறது. பெயரை நீக்கி வெளியிட ஒரு பொத்தான் போதும். லட்சக்கணக்கில் அப்பீல் தேங்கிக் கிடக்கும் இடத்தில் முன்னுக்குப் பின் முரணாக யார் எழுதுகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும்.

பழைய_ஐடிஓ:

பெயரை நீக்கினாலும் ஆள் தெரிந்துவிடும். திருப்பூர், ஜாப் ஒர்க், ஆவணிக் கல்யாணம் என்று போட்டால் அந்தத் தெருவுக்கே தெரியும். சின்ன ஊரில் எண் போட்டு ஒன்றும் மறையாது. அடுத்து, முன்னுக்குப் பின் முரண் என்று சொல்லி ஒவ்வொரு ஆர்டருக்கும் மற்றொன்றைக் காட்டி வாதாட வருவீர்கள். ஏற்கெனவே தேங்கியிருப்பது இன்னும் தேங்கும்.

சட்டச்சுவடி (வழக்கறிஞர், மதுரை):

காட்டி வாதாடத்தானே அப்பீல்!

தறிக்காரன்:

ஐயா "தேங்கும்" என்றதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ரகசியம் நாகு அண்ணனுக்காக இல்லை, ஆர்டர் எழுதுபவருக்காக.

ஆனால் மீனாட்சி அக்கா சொன்னதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். நடிகர், அரசியல்வாதி, கம்பெனி என்றால் பெயர் இருக்கட்டும். ஒற்றை ஆள் கேஸ், சின்னத் தொகை என்றால் எழுத்தைப் போடட்டும். ஐம்பது லட்சம் வரை வருமானக் கேஸை ஒரே உறுப்பினர் கேட்கலாம் என்று டிரிப்யூனலில் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறதாமே, அதையே இதற்கும் வைக்கலாம்.

லண்டன்_வாசி:

அந்தக் கோட்டுக்குக் கீழே வருமானம் காட்டும் பெரிய ஆட்கள்தான் நமக்கு வேண்டியவர்கள் தறிக்காரரே. மொய்ல்ஸ் ரிட்டர்னில் பழைய கார் வியாபாரிதான்.

மீனாட்சி_திண்டுக்கல்:

கோடு எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். போன ஆர்டருக்கு என்ன வழி? வக்கீல் சார், என் பெயரை இப்போது எடுக்கச் சொல்ல முடியுமா?

சட்டச்சுவடி (வழக்கறிஞர், மதுரை):

நேரான வழி இன்னும் இல்லை மேடம். குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர் தன் பெயரைத் தீர்ப்புத் தளத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டார். 2024 பிப்ரவரியில் எங்கள் மதுரைக் கிளை எடுக்கச் சொன்னது. தளம் சுப்ரீம் கோர்ட் போனது. அதே வருஷம் ஜூலையில் அந்த உத்தரவுக்குத் தடை கிடைத்தது. விடுதலையானவர் நிலையே இப்படி இருக்கும்போது வரி கேஸில் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆர்டர் போட்ட பெஞ்சுக்கே மனு போட்டு, வெப்சைட் காப்பியில் பெயருக்குப் பதில் முதலெழுத்துப் போட வேண்டும், குடும்ப விவரம் உள்ள பாராக்களை மறைக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆஸ்பத்திரி விவரம் இருப்பது உங்களுக்குச் சாதகம். கிடைத்தால் அந்த உத்தரவைக் காட்டி மற்றத் தளங்களுக்குத் தனித்தனியாக எழுத வேண்டும். ஆர்டர் நகலை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், எந்தப் பாராக்கள் என்று குறித்துத் தருகிறேன். இங்கே ஒட்டிவிடாதீர்கள்.